தேசப்பனின் மஞ்சள் கோடு

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் ஜாக்கி வைத்திருப்பவன் எல்லாம் மெக்கானிக்தான். அந்தக் கூட்டத்தில் தேசப்பனுக்கு மட்டும் தனியாக ஒரு பெயர் இருந்தது. மார்க்கு தேசப்பன். கேலிக்கு வைத்த பெயர்தான். அவனோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். சிப்காட்டில் ஆக்சில் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் பல வருஷம் கான்ட்ராக்ட் ஆளாக லைனில் நின்றவன். அந்த லைனில் ஒரு சட்டம் இருந்தது. நட்டை முறுக்கியவன் எவனோ அவன்தான் அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு நட்டின் மீதும் ஓட வேண்டும், அதை ஒட்டிய இரும்பின் மீதும் ஓட வேண்டும். பிற்பாடு நட்டு துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். முறுக்காத நட்டுக்குக் கோடு போட்டவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். தேசப்பன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆனாலும் அவனைப் பெர்மனென்ட் ஆக்கவில்லை. லைனைச் சுருக்கியபோது கான்ட்ராக்ட் ஆட்களோடு அவனும் வெளியே வந்தான். வரும்போது கொண்டுவந்தது இந்தப் பழக்கம் ஒன்றைத்தான்.

சொந்தமாக ஷெட் போட்டபின் அவன் வாய் ஓயவில்லை. “என் நட்டு வெலகாது. வெலகினா கோடு சொல்லிரும். நீயே குனிஞ்சு பாத்துக்க நைனா” என்பான். பக்கத்து ஷெட்காரர்கள், “ஊரு வண்டிக்கெல்லாம் மஞ்ச பூசறான், பூசாரி” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. ஆந்திராப் பக்கம் போகிற லாரிக்காரர்கள்கூட அடியில் படுத்து மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு, மறு பேச்சில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். அப்போது தேசப்பனின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் மாலை போட்டுக்கொண்டு நிற்பவன்கூட அவ்வளவு பூரிப்பாக இருக்க மாட்டான்.

அதே ஷெட்டில் வெல்டிங் வேலை பார்த்தவன் வீரராகவன், தேசப்பனின் மனைவி கன்னியம்மாவின் தம்பி. மாமாவின் வாய்க்கும் சேர்த்து இவன் மௌனமாக இருந்தான். பற்றவைத்து முடித்ததும் கசடைத் தட்டி உதிர்த்துவிட்டு, அந்த இடத்தை வெளிச்சத்தில் உற்று உற்றுப் பார்ப்பான். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், யாரும் கேட்காமலேயே அறுத்துப்போட்டு மறுபடி வைப்பான். சிப்காட்டில் பாய்லர் செய்யும் ஒரு கம்பெனி அப்போது வெல்டர்களை எடுத்துக்கொண்டிருந்தது. டெஸ்ட்டில் தேறினால் பெர்மனென்ட். தனக்குக் கிடைக்காதது மச்சானுக்காவது கிடைக்கட்டும் என்று தேசப்பனே அலைந்து அவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் கெட்டவன் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், பொங்கல் கழிந்த சமயம், பழவேற்காட்டிலிருந்து தௌஹீத் பாயின் ஜீப் அந்த ஷெட்டுக்கு வந்தது. இறாலும் நண்டும் ஏற்றுமதி செய்யும் குடும்பம். ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, முன்பக்கம் இருந்த ஸ்பிரிங் பட்டையைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டு, ஆள் இடுப்பளவு டயரும் மாட்டியிருந்தார். லீவு நாளில் மெட்ராஸ் சிநேகிதர்களோடு மணலிலும் சேற்றிலும் அதை விட்டு உருட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வீட்டுக்கு வேறு நல்ல கார் இருந்தாலும் அவருடைய உம்மா மெஹர்னிசாவுக்கு இந்த ஜீப்தான் பிடிக்கும். உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா.

“தேசப்பா, ஸ்டியரிங்கைத் திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுக்குது. ஒரு பள்ளத்துல எறங்கினா மூஞ்சி ஒரு பக்கம் போவுது, வண்டி ஒரு பக்கம் போவுது. ஒரே பேஜாரு” என்றார் தௌஹீத்.

தேசப்பன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். “பெரிய டயர மாட்டிட்டு பழைய ஸ்டியரிங்கையே வெச்சிருந்தா இன்னா பண்ணும் பாய்? பவர் ஸ்டியரிங் பாக்ஸ் போட்டுர்லாம். டை ராடு தடிமனா மாத்தணும். அதைவிட முக்கியம் டிராக் பார்.”

டிராக் பார் என்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் ஒரு முனை வண்டியின் சட்டமான சேசிஸில், மறுமுனை முன் ஆக்சிலில் இருக்கும். ஆக்சில் மேலும் கீழும் ஆடலாம், இடமும் வலமும் ஓடக்கூடாது என்று பிடித்துவைத்திருப்பது அதுதான். அது கழன்றால் நீங்கள் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். பழைய தண்டு மூங்கில் கழி மாதிரி இருந்தது. தேசப்பன் கனமான தண்டு வாங்கினான். அதைத் தாங்குவதற்கு சேசிஸில் ஒரு புது பிராக்கெட்டை வீரராகவன் பற்றவைத்தான். ஒரு முறை அறுத்துப்போட்டு, இரண்டாவது முறை வைத்ததுதான் அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

டிராக் பாரில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் மேலே இருக்கையில் நட்டைக் கையால் மட்டும் ஏற்றி வைக்க வேண்டும். நாலு டயரும் தரையில் நின்று, வண்டியின் எடை முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பானர் போட்டு முறுக்க வேண்டும். தேசப்பனுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

வேலை முடிகிற நாள் தௌஹீத் கேமராவோடு வந்தார். “ஜீப் கிளப்புல எல்லாரும் கேக்கறாங்க தேசப்பா, யாரு பண்ணதுன்னு. வெப்சைட்ல போடறேன். உன் மஞ்ச மார்க்கும் நல்லா தெரியணும்” என்றார்.

அவ்வளவுதான், தேசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி இன்னும் ஸ்டாண்டின் மேல் இருந்தது. அடியெல்லாம் துணியால் துடைத்தான். ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டுகளில் கோடு இழுத்தான். டை ராடில் இழுத்தான். கை நிற்காமல் டிராக் பாரின் இரண்டு நட்டுக்கும் இழுத்தான்.

வீரராகவன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “மாமா, அது எறக்கினப்பறம்தானே?” என்றான்.

“தெரியும்டா. போட்டோவுக்கு. எறக்கினதும் முறுக்கிட்டா போச்சு.”

தௌஹீத் படம் எடுத்தார். மெஹர்னிசா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பிரியாணியை இரண்டு தட்டில் எடுத்து வைத்தார். சாப்பிட்டார்கள், மெட்ராஸ் கிளப்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வண்டியை இறக்கினார்கள். வழக்கம்போல தேசப்பன் கீழே படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தான். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இருந்தது. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்றுதான் அத்தனை வருஷமாக அவன் கண் பழகியிருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “எடுத்துக்கினு போங்க பாய். இனி இந்த வண்டிக்குக் கேரண்டி நானு” என்றான்.

சில வாரம் கழித்து ஒரு காலை வேளையில் போன் வந்தது. ஷெட்டில் இரண்டு லாரிக்காரர்களும் டீக்கடைக்காரரும் நின்றிருந்தார்கள். வீரராகவன் ஒரு டிராக்டர் கொக்கியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் தௌஹீத். பொன்னேரி ரோட்டில் வரும்போது ஸ்டியரிங் திடீரென்று உதறியதாம். வண்டி குறுக்கே ஓடி, மதகைத் தாண்டி சவுக்குத் தோப்புப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். அவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த உம்மாவுக்குக் கை உடைந்துவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

“அந்த ராடு ஒரு பக்கம் தொங்குது தேசப்பா. இன்னா வேலை பண்ணிக்கீற நீ?”

தேசப்பனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகத் திறந்தது. அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

“நட்டு வெலகாது பாய். நான் மார்க் போட்டது. வெல்டிங் உட்டிருக்கும்.”

வெல்டிங் பொறி நின்றது. வீரராகவன் முகத்தை மூடியிருந்த கவசத்தைத் தூக்கினான். “வெல்டிங்கா மாமா?” என்று மட்டும் கேட்டான். தேசப்பன் அவன் பக்கம் திரும்பவில்லை. மறுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட பிறகு தேசப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீரராகவன் நம்பிவிட்டான். இறக்கியதும் மாமா நட்டை முறுக்கியிருப்பார், மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை அவன். கையுறையைக் கழற்றி வைத்தான். “ஒரு அம்மா கைய ஒடச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு டெஸ்ட்டுக்குப் போறது?” என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனான். டெஸ்ட் அடுத்த திங்கட்கிழமை.

தேசப்பன் ஒரு ஆட்டோ பிடித்து ஜீப் கிடந்த இடத்துக்குப் போனான். பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள். பையில் சுத்தியும் ஸ்பானரும் இருந்தன. சவுக்குச் சருகின் மேல் மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தான்.

பிராக்கெட் அப்படியே இருந்தது. பற்றவைத்த இடம் ஓரம் தைத்த துணி மாதிரி ஒழுங்காக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. போல்ட்டைத்தான் காணோம். நட்டையும் காணோம். ஓட்டையின் ஓரத்தில் அவன் இழுத்த மஞ்சள் கோட்டின் பாதி மட்டும் இருந்தது. ஆக்சில் பக்கத்து முனையைத் தொட்டுப் பார்த்தான். அந்த நட்டு விரலிலேயே சுழன்றது. கோடு இரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்றது.

அப்போதுதான் அவனுக்கு பிரியாணித் தட்டு ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் அவன் செய்ததை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும் அவனுக்கு. முதலில் ஸ்பானர் முனையால் அந்தப் பாதிக் கோட்டைச் சுரண்டினான். பிறகு, கோடு மட்டும் போனால் போதாது என்று தோன்றியது. பிராக்கெட் உடைந்திருந்தால்தானே வெல்டிங் விட்டது என்று ஆகும்? சுத்தியை எடுத்தான். படுத்த வாக்கில் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தான். மறுபடி அடித்தான். துரு கண்ணில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ எதிரியை அடிக்கிற மாதிரி அடித்தான். இரும்பு நசுங்கியது. வெல்டிங் அசையவில்லை. தன் மனைவியின் தம்பி, ஒரு முறை அறுத்துப்போட்டு மறுபடி வைத்த வெல்டிங் அது. மூச்சு வாங்கி, தோள் விட்டுப்போய், சுத்தியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

“மாமா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வீரராகவனின் கால்கள் தெரிந்தன. குனிந்தான், படுத்தான், பக்கத்தில் நகர்ந்து வந்தான். அழுது வீங்கிய கண். கையை நீட்டி வெல்டிங்கைத் தடவினான், இந்த ஓரம், அந்த ஓரம். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினான்.

“உட்டுப்போவல மாமா! வெல்டிங் உடலயே! பாரு, அப்பிடியே கீது!”

அந்தச் சந்தோஷத்தைத் தேசப்பனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். வீரராகவனின் விரல் மெதுவாகப் பிராக்கெட்டின் பக்கவாட்டுக்குப் போனது. பளபளவென்று புதிதாக இருந்த நசுங்கல்களைத் தொட்டது. நின்றது. தேசப்பனின் நெஞ்சின் மேல் இருந்த சுத்தியை அவன் கண் ஒரு முறை பார்த்தது.

“நட்டு ராகவா. நான்தான் முறுக்கல. கோடு போட்டுட்டு மறந்துட்டேன்” என்றான் தேசப்பன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

இருவரும் ஒரே பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மெஹர்னிசா கையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறவுக்காரர்கள். தௌஹீத்தின் மாமா அப்துல் கனி வாசலிலேயே நின்றிருந்தார். தேசப்பன் கூனிக் குறுகிப் போய்க் கட்டில் அருகே நின்று சொன்னான். வெல்டிங்கில் தப்பில்லை, நட்டை முறுக்காமல் விட்டது நான், இந்தப் பிள்ளைமேல் பழி போட்டது பொய்.

அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் வந்தான். நடந்தது வேறு. அப்துல் கனி அவன் தோளில் கை வைத்தார்.

“தன் தப்ப தானே வந்து சொல்றான் பாரு. இந்தக் காலத்துல யாரு சொல்றா? மனுஷன்னா இவன் மனுஷன்.”

மெஹர்னிசா வாசலில் நின்ற வீரராகவனைப் பார்த்தார். “இந்தப் புள்ள வந்து என் கால்கிட்ட உக்காந்து அப்படி அழுதுச்சு. நீ ஏன் தம்பி அழுத? உன் மேலதான் ஒண்ணும் இல்லையே” என்றார். பிறகு தேசப்பனிடம், “ஒத்துக்கிட்ட இல்ல, போதும். எலும்பு கூடிரும்” என்றார். யாரோ டீ வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தார்கள். குடித்தான். அந்த டீ தொண்டையில் இறங்கியது மாதிரி ஒரு தண்டனையை எந்தக் கோர்ட்டும் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது. கதவோரம் நின்ற ஒருவனுக்கு மட்டும் சுத்தியைப் பற்றித் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் கன்னியம்மா தட்டில் ஒரு முட்டை சேர்த்து வைத்தாள். “நீயே போய் ஒத்துக்கினியாமே. ராகவன் சொன்னான். எனக்கு இன்னாமோ பெருமையா இருந்துச்சு” என்றாள். தேசப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மானம் கப்பலேறாமல் மச்சான் காப்பாற்றிவிட்டான் என்பது அவனுக்கு அப்போது புரிந்தது.

திங்கட்கிழமை வீரராகவன் டெஸ்ட்டுக்குப் போனான். தேறினான்.

அந்த வார இறுதியில் ஜீப்பை ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். தேசப்பன் இரண்டு முனைக்கும் புது போல்ட், புது நட்டு போட்டான். வண்டியைத் தரையில் இறக்கினான். அதன்பிறகு ஸ்பானரை மாட்டி, இனி நகராது என்கிறவரை முறுக்கினான். கடைசியில் கோடு இழுத்தான். தௌஹீத் குனிந்து பார்த்தார்.

“இந்த பிராக்கெட்ல இன்னா இத்தினி அடி?”

பதில் பின்னாலிருந்து வந்தது.

“மதகுக் கல்லுல பட்டிருக்கும் பாய்” என்றான் வீரராகவன். “பாதகமில்ல. தாங்கும்.”

சொல்லிவிட்டு அவன் செய்த காரியம்தான் தேசப்பனைக் கொன்றது. டூல் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். மஞ்சள் கோடு இன்னும் காயவில்லை. அந்த நட்டின் மேலேயே ஸ்பானரை வைத்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான். மறுமுனையையும் இழுத்துப் பார்த்தான். தேசப்பன் போட்ட கோட்டின் மேல் அதுவரை யாரும் ஸ்பானர் வைத்ததில்லை. அடியில் இருட்டாக இருக்கிறதே என்று தேசப்பனே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீரராகவன் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். “சரியா கீது பாய். எடுத்துக்கினு போங்க” என்றான்.

ஜீப் போன பிறகு அவன் தன் சாமான்களை எடுத்துவைத்தான். கவசம், கையுறை, கசடு தட்டும் சுத்தி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டான். நாளையிலிருந்து கம்பெனி. தேசப்பன் வாசல் வரை வந்தான்.

“ராகவா. அது கல்லு இல்ல.”

“தெரியும் மாமா. நீ அடிச்ச சத்தம் ரோட்டுலேர்ந்தே கேட்டுச்சு. இன்னாத்தையோ நிமுத்தறேன்னு நெனச்சிக்கினு எறங்கி வந்தேன்.”

“அப்ப ஏன் பாய்கிட்ட கல்லுன்னு சொன்ன?”

வீரராகவன் சாக்கின் வாயைக் கட்டி பைக்கின் பின்னால் வைத்தான். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை.

“அக்காவுக்காக” என்றான். “உனுக்காக இல்ல.”

பைக் பைபாஸில் ஏறி சிப்காட் பக்கம் திரும்பியது. தேசப்பன் கையிலிருந்த பெயின்ட் டப்பாவை மூடாமலேயே நின்றுகொண்டிருந்தான்.